ஐந்தாவது கையெழுத்து

நாங்கள் தோற்ற அன்று நான் கேசரி கிளறினேன். முந்திரி, திராட்சை எல்லாம் போட்டு, நெய்யைக் கஞ்சத்தனமில்லாமல் ஊற்றி. காலை எட்டு மணிக்கு வாக்கு எண்ண ஆரம்பித்தார்கள். பதினொன்றுக்குள் மாநிலம் முழுக்க எங்கள் கட்சி படுத்துவிட்டது என்று தொலைக்காட்சியில் தெரிந்துபோயிற்று. எங்கள் தொகுதியில் நின்றவர் மாவட்டச் செயலாளர். கட்சிக்காரர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதவியையே பெயராக்கி 'மாவட்டம்' என்போம். மாவட்டம் வராரு, மாவட்டம் கோவமா இருக்காரு என்று. அந்த மாவட்டம் மூன்றாம் இடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ரவையை வறுத்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உங்க பார்ட்டி தோத்துக்கினு இருக்குது. நீ ஸ்வீட் பண்றே."

"தெரியும்டி. கிண்ணம் எடு."

எடுத்து வந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு, "அப்பாவுக்காகவா?" என்று கேட்டாள். நான் இன்னொரு கரண்டி அவள் கிண்ணத்தில் வைத்தேன்.

நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். நகர மகளிர் அணிப் பொறுப்பாளர், மாநிலப் பொதுக்குழு உறுப்பினர். கழுத்தில் அட்டை தொங்க, மாவட்டத்துக்கு வாக்குக் கேட்டுக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகப் போனவள் நான். ஒவ்வொரு வாசலிலும் கை கூப்பினேன். ஒவ்வொரு வாசலிலும் மனசுக்குள், இவன் தோற்கணும், நாறிப்போய்த் தோற்கணும் என்று சொல்லிக்கொண்டேன். பேச்சில் அவனுக்கு மரியாதை கொடுத்துத்தான் பழக்கம். எழுத்திலும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் ஓரிக்கைச் சாலையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினான். திறந்து வைக்க மாநிலத் தலைவர் வருவதாக ஏற்பாடு. என் கணவர் தறி நெய்கிறவர். கட்சியில் அவருக்குப் பதவி எதுவும் கிடையாது, கொடிக்கம்பம் நடுவார். நகரத்தில் எந்தக் கூட்டமானாலும் அவர் கைதான். கம்பம் சாயக் கூடாது, கொடி சுருளக் கூடாது, வரிசை கோணக் கூடாது. அதில் அவருக்கு ஒரு கௌரவம். நாங்கள் இருவரும் ஒரே தறியில் நெய்தோம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். அன்றைக்குப் பாதிச் சேலை தறியில் நிற்க, "மதியம் வந்து மீதிய ஓட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மண்டபத்துக்கு எதிரே மேலே மின்கம்பி போகிறது. முதல்நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. அங்கே உயரமான இரும்புக் குழாயை நிமிர்த்த வேண்டாம், இல்லாவிட்டால் லைனையாவது நிறுத்தச் சொல்லுங்கள் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அதற்கு மாவட்டம் சொன்ன பதிலைப் பக்கத்தில் நின்ற ஒருவர் காதால் கேட்டார். "தலைவர் காரு வாலாஜாபாத் தாண்டிடுச்சி. பேசிக்கினு நிக்காத, நடு." கேட்டவர் எங்கள் நகரச் செயலாளர். ஜரிகைக் கடை வைத்திருப்பவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய்.

குழாய் நிமிர்ந்தது. கம்பியைத் தொட்டது.

தலைவரின் கார் வருவதற்குள் உடலை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். குறித்த நேரத்தில் ரிப்பன் வெட்டினார்கள். மேளம் வாசித்தார்கள். அதைக்கூட நான் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். சாயங்காலம் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது மாவட்டம் சொன்னான்: "அவரு எங்க கட்சிக்காரரே இல்ல. குடிச்சிட்டு வந்து கம்பத்துல கைய வெச்சிட்டாரு. பாவம்." போலீஸில் கொடுத்த புகாரிலும் ஆளை விட்டு அதையே எழுத வைத்தான். வழக்கு அத்தோடு படுத்துக்கொண்டது.

என் கணவர் வெற்றிலை கூடப் போடாதவர். ஆனால் அச்சில் வந்துவிட்டது. வீட்டில் உடலைக் கிடத்தியிருந்தபோது தூரத்து உறவுக்காரர் ஒருவர் மாலை போடுகிற சாக்கில் குனிந்து, வாயருகே மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரை அப்படிக் குனிய வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் திரும்பப் பள்ளிக்கூடம் போன அன்று அவள் உட்காரும் பெஞ்சில் சாக்பீஸால் ஒரு பாட்டில் வரைந்து வைத்திருந்தார்கள். பாவாடையில் வெள்ளைத் தூளோடு வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாளாம்.

காரியம் முடிந்த மறுநாள் பாய் வந்தார். "பாய், நீங்க கூடவே நின்னீங்க. ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட இருக்குதும்மா. புள்ளைங்க இருக்குது. அந்தாள விரோதிச்சிக்கினு இந்த ஊர்ல நான் பொழைக்க முடியாது. மாஃப் பண்ணிடு."

நான் மாஃப் பண்ணவில்லை.

மூன்று மாதம் கழித்து மாவட்டமே ஆள் அனுப்பினான். மகளிர் அணியில் எனக்குப் பொறுப்புத் தருவதாக. ஊர் வாயை அடைக்க அவனுக்கு அது தேவைப்பட்டது. செத்தவன் கட்சிக்காரனில்லை, ஆனால் செத்தவன் பெண்டாட்டி கட்சிக்காரியாகலாம். நான் சரி என்றேன். தாமலிலிருந்து என் தம்பி பஸ் ஏறி வந்து கத்தினான். "வெக்கமா இல்லியா ஒனக்கு? அவங்கிட்டியே போயி நிக்கறியே." வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே நின்றால் அவன் எனக்கு எட்ட மாட்டான். கார்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். கை தொடுகிற தூரத்தில் அவனை வைத்திருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஏழு வருஷம் அவன் கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள். அதோடு கட்சியின் சட்டவிதிப் புத்தகமும் என் கைக்கு வந்தது. அட்டையில் தலைவர் படம் போட்ட சின்னப் புத்தகம். அதை யாரும் பிரிப்பதில்லை. நான் படித்தேன். தறியில் பாவு நூல் தீர்ந்து, புதிதாகப் பிணைக்கும் ஆள் வர நேரமாகும்போது படித்தேன், ரேஷன் வரிசையில் நின்று படித்தேன். எங்காவது ஒரு இடத்தில் இவன் கால் வைத்தால் சறுக்குகிற மாதிரி ஒரு வரி இருக்காதா என்று தேடித் தேடிப் படித்தேன்.

அந்த வரி, தேர்தலில் தோற்ற பிறகுதான் உதவிக்கு வந்தது.

வாக்கு எண்ணிய அன்று மாலையே மாநிலத் தலைவர் தோல்விக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். புதிய தலைவரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கும் என்று அறிவித்தார்கள். முதலில் தென்மாவட்டத்து முன்னாள் அமைச்சர் ஒருவர் பெயர்தான் அடிபட்டது. அவர் மேல் பாதிப் பேருக்குப் பயம். பயந்தவர்கள் எல்லாம் ஒரு ஆளைத் தேடினார்கள். வடக்குப் பக்கத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டாமா என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சில் மாவட்டத்தின் பெயர் மேலே வந்தது. சொந்தத் தொகுதியில் மூன்றாம் இடம் வந்த ஆள் மாநிலத்துக்குத் தலைவராகப் போகிறானாம். பேருந்து நிலையத்திலிருந்து பெரிய கோயில் தேரடி வரை 'தலைமை ஏற்க வா' என்று பேனர் நின்றது. அவன் தலைக்குப் புதிதாகக் கருப்பு அடித்துக்கொண்டு தொலைக்காட்சியில் உட்கார்ந்து, தோல்வியிலிருந்து பாடம் கற்பது பற்றிப் பேசினான். நான் நெய்வதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டேன். இவ்வளவு உயரத்துக்கு அவன் ஏறுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கீழே இருக்கிறவனைத் தள்ளி என்ன பிரயோஜனம்.

விதி இதுதான். தலைவர் பதவிக்கு மனுப் போடுகிறவரை அவருடைய சொந்த மாவட்டத்துப் பொதுக்குழு உறுப்பினர்கள் ஐந்து பேர் கையெழுத்திட்டு முன்மொழிய வேண்டும். அவர்களுக்கு மேல் வெளி மாவட்டத்தார் எத்தனை பேர் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஒருவர் ஒரு மனுவில்தான் போட முடியும். இரண்டில் போட்டால் முதலில் பதிவான மனுவில் இருப்பது செல்லும், மற்றது செல்லாது.

எங்கள் மாவட்டத்தில் அவனைத் தவிர ஏழு உறுப்பினர்கள் இருந்தோம். தோற்ற மறுவாரமே இரண்டு பேர் ஜெயித்த கட்சிக்கு ஓடிவிட்டார்கள். மீதி ஐந்து பேர். அதில் பாய் ஒருவர், நான் ஒருத்தி.

மனுத் தாக்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு காலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். ஏழு வருஷத்தில் முதல் தடவை. தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தான்.

"எப்டிமா இருக்கே? பொண்ணு இன்னா படிக்குது?"

"பி.காம்ணா. ரெண்டாவது வருஷம்."

"படிக்கட்டும். முடிச்சதும் சொல்லு, பாத்துக்கலாம்."

கோப்பைப் பிரித்து மனுவை எடுத்தான். நாலு கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. ஐந்தாவது இடம் காலி. பேனாவைத் தேடும்போது அவன் கண் சுவரில் இருந்த என் கணவரின் படத்தில் விழுந்தது. மாலையைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"நல்ல மனுசன். அந்தக் குடி மட்டும் இல்லாட்டி இன்னிக்கி நம்ம கூட இருந்திருப்பாரு."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். நடிக்கிறானா என்று தேடினேன். இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டான். ஏழு வருஷம் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நடந்ததாக ஆகிவிட்டது. பொய் சொல்கிறவனை வெறுப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. தான் சொன்ன பொய் என்பதையே மறந்துவிட்டு, என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து என் புருஷனுக்காக உச்சுக்கொட்டுகிறவனை என்ன செய்வது?  முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். அவரு குடிக்க மாட்டாரு. அது ஒங்களுக்குத் தெரியும். ஏதாவது ஒரு மேடையில அத ஒரு வார்த்த சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவன் ஒரு கணம் புரியாத மாதிரி பார்த்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"அதெல்லாம் இன்னாத்துக்கும்மா இப்போ, பழசக் கிளறிக்கினு? போடு, நாலு எடத்துக்குப் போவணும்."

சொல்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் நான் மனசாரப் போட்டிருப்பேன். அவன் தலைவராகியிருப்பான். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பேனாவை வாங்கிப் போட்டேன். தீர்மானப் புத்தகத்தில் போடுவதைப் போலவே, தெளிவாக.

அவன் கார் தெரு திரும்பியதும் என் மகள் உள்ளேயிருந்து வந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஏம்மா போட்டே? அந்தாளு இன்னா சொன்னான்னு கேட்டே இல்ல? நீ போட்டுக் குடுக்கறே."

"நான் மாட்டேன்னா காலியான எடத்துக்கு நாளைக்கே வேற ரெண்டு பேர நியமிச்சிக்குவான். அந்த அதிகாரம் அவங்கிட்ட இருக்குது. போட்டாத்தான்டி அவன் தேட மாட்டான்."

 "நீ பயங்கரம்மா" என்றாள். பாராட்டா என்று தெரியவில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே பாய் கடைக்குப் போனேன். ஏழு வருஷமாக அந்தக் கடைப் படியை நான் மிதித்ததில்லை. வேலையாளை டீக்கு அனுப்பிவிட்டு, "சொல்லும்மா" என்றார்.

"தெற்கத்தியாரு ஆளுங்ககிட்ட நான் பேசணும், பாய். ஒங்களுக்குப் பழக்கம் இருக்குது இல்ல."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "கட்சிய வுட்டுத் தூக்கிடுவாங்கம்மா."

"தூக்கட்டும்."

"நானும் சேந்து போட்டுடறேன். ரெண்டு பேராப் போனா ஒம்மேல பழி கொறையும்."

"வேணாம் பாய். இது எங்க வூட்டு வேல. நீங்க வாயத் தொறக்க வேண்டிய எடம் வேற இருந்துச்சி."

அவர் தொலைபேசியை எடுத்து ஒரு எண்ணைப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

மனுத் தாக்கல் அன்று முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். நானே நெய்த அரக்குச் சேலை கட்டிக்கொண்டேன். தலைமை அலுவலகத்தில் முன்னாள் அமைச்சரின் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் மனுவின் பின்னிணைப்பில் வெளி மாவட்டத்தார் வரிசையில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையிலேயே மனுவைக் கொடுத்து, நேரம் குறித்த ரசீது வாங்கினார்கள். அந்த அமைச்சர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் நல்லவரா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. எனக்கு அவர் தேவையில்லை, அவருடைய காகிதம்தான் தேவை.

பிறகு நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். யாரோ தக்காளி சாதம் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். மூன்று மணிக்குக் கடைசி நேரம். இரண்டரைக்கு மாவட்டம் வந்தான். மேளம், வெடி, இருபது கார். காஞ்சிபுரத்துப் பட்டு அங்கவஸ்திரம் தோளில். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாம்மா, வெரிகுட்" என்று தோளில் தட்டிவிட்டு உள்ளே போனான்.

நாலு மணிக்குப் பரிசீலனை. தேர்தலை நடத்திய கட்சி வழக்கறிஞர் வயதானவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அதே குரலில் வாசித்தார். மாவட்டத்தின் மனுவுக்கு வந்தபோதும் குரல் மாறவில்லை. முன்மொழிந்த ஐவரில் ஒருவரது கையெழுத்து முன்பே பதிவான வேறு மனுவில் இருப்பதால் இதில் செல்லாது. ஆகவே சொந்த மாவட்ட முன்மொழிவு நான்கு. ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது.

கூடம் முழுக்கச் சத்தம். வேறு ஆளைப் போட்டுத் தருகிறேன் என்றான். நேரம் முடிந்துவிட்டது என்றார் வழக்கறிஞர். கையெழுத்து போலி என்றான். என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு தாளையும் என் முன் வைத்தார்கள்.

"ரெண்டும் என் கையெழுத்துதாங்க" என்றேன்.

மாவட்டம் என் பக்கம் திரும்பினான். "இன்னாம்மா இது? இன்னா பண்ணி வெச்சிருக்கே?"

"தெரியலண்ணா. குடிச்சிட்டுப் போட்டுட்டேன் போல இருக்குது."

அங்கே இருந்த யாருக்கும் அது புரியவில்லை. சிலர் சிரித்தார்கள். அவனுக்கும் உடனே புரியவில்லை. முதலில் கோபத்தில் முகம் சிவந்தது. வாயைத் திறந்தான். அப்புறம் எங்கோ தொலைவில் ஒன்றைத் தேடுகிறவனைப் போல என்னைப் பார்த்தான், அது கிடைத்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் அவசரப்படாமல் பார்த்தேன். ஏழு வருஷம் காத்திருந்தவளுக்கு அந்த அளவு உரிமை உண்டு. யாரோ அவனுக்கு நாற்காலி போட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூரில் வேர்க்கடலை வாங்கினேன். தண்ணீர் கூடக் குடிக்காமல், பொட்டலம் காலியாகும் வரை சாப்பிட்டேன்.

முன்னாள் அமைச்சர் போட்டியில்லாமல் தலைவரானார். ஒரு மாதத்தில் எனக்குக் கடிதம் வந்தது. இரண்டு மனுக்களில் கையெழுத்திட்டுக் கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால் அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கம். கீழே புதிய தலைவரின் கையெழுத்து. வடமாவட்டத்துக்காரர்களைச் சமாதானப்படுத்த அவருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது, என் தலை மலிவு. எனக்கு வருத்தமில்லை, கடிதத்தை மகளிடம் கொடுத்தேன். அடுத்த மாதமே கட்சியைச் சீரமைக்கிறோம் என்று மாவட்டத்தையும் பதவியிலிருந்து எடுத்தார்கள். அவன் வாசலில் நின்ற கார்கள் ஒரே வாரத்தில் புது ஆளின் வாசலுக்குப் போய்விட்டன. இப்போது அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கட்சிக்காரர்களுக்கே தெரியவில்லையாம். மண்டபம் மட்டும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் நிரம்புகிறது. அந்த வழியாகப் போகும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

புதிய மாவட்டச் செயலாளர் நடத்திய முதல் நகரக் கூட்டத்தில் பாய் எழுந்து நின்றாராம். என் கணவர் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை, லைனை நிறுத்தச் சொன்னார், நடு என்று சொன்னது யார் என்பது தன் காதாலேயே கேட்டது, இதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஏற்றினார்கள். எனக்குப் பிறகு எழுதுகிறவனுக்கு ஒற்றும் தெரியவில்லை, சந்தியும் தெரியவில்லை. பாய் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து என் மகளுக்கு அனுப்பினார். அவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் வெளியே வரவில்லை. பாய்க்கு நான் நன்றி சொல்லவில்லை. ஏழு வருஷம் தாமதமாக வந்த சொல்லுக்கு என்னிடம் நன்றி கிடையாது. ஆனால் ஜரிகையை இப்போது அவர் கடையில்தான் வாங்குகிறேன்.

போன மாதம் அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தார். தனியாக, ஆட்டோவில். அந்த அம்மாள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. காபி கொடுத்தேன். அவனுக்கு ஒரு பக்கம் கை கால் வரவில்லையாம். பேச்சு மட்டும் மெதுவாக வருகிறதாம்.

"ஒன்னப் பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்காரும்மா. ரெண்டு வார்த்த பேசணுமாம். ஒரு நட வந்துட்டுப் போயேன்."

"பேசட்டும்மா. ஆனா எங்கிட்ட இல்ல. மண்டபத்து எதிர்ல, கம்பம் நட்ட எடத்துல வந்து, ரோட்ல போற நாலு பேரு காதுல வுழற மாதிரி சொல்லட்டும்."

"நடக்க முடியலையேம்மா அவரால."

"காரு இருக்குது இல்ல."

அந்த அம்மாள் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வாசல் வரை போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். படி உயரம், கையைப் பிடித்துக்கொண்டேன். அன்பாகத்தான் அனுப்பினேன்.

அவன் இன்னும் வரவில்லை. நானும் போகவில்லை. உடம்பு நாளுக்கு நாள் மோசமாவதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். என் மகள், "போயிட்டு வந்துடேம்மா, விட்டுடு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு வயது பத்தொன்பது, அவளால் விட முடிகிறது, விடட்டும். எனக்குத் தறியில் வேலை இருக்கிறது. அவசரம் அவனுக்குத்தான்.